சேவலுக்கு நேரம் சொல்வது யார்?
விலங்குகளின் காலக்கணக்கு பற்றிய மூன்று நூற்றாண்டு விவாதம்

கிழக்கு வெளுக்குமுன்பே சேவல் கூவிவிடுகிறது. காகம் கரைந்திருக்காது, தெருவிளக்கு அணைந்திருக்காது. வெளிச்சம் கண்டுதான் கூவுகிறது என்றால், இன்னும் வராத வெளிச்சத்தை அது எப்படிக் கண்டது? வீட்டுத் திண்ணையில் எத்தனையோ தலைமுறை கேட்ட இந்தக் கேள்விக்கு ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சோதனை வழியாக ஒரு விடை 2013இல் கிடைத்தது. சேவல்களை மாறாத மங்கிய ஒளியில் அடைத்துவைத்தார்கள். பகல் இரவு என்ற வேறுபாடே இல்லாத அந்த இடத்திலும், 24 மணிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் கூவல் நாள்தோறும் தொடர்ந்தது. அதாவது, நேரம் சேவலுக்கு உள்ளேயே இருக்கிறது.

அதே குழு இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றையும் கண்டது. ஒரு கூட்டத்தில் எந்தச் சேவல் முதலில் கூவும் என்பதைத் தீர்மானிப்பது படிநிலை. மேல்நிலைச் சேவல் கூவிய பிறகே மற்றவை வரிசையாகக் கூவுகின்றன. மேல்நிலைச் சேவலை அகற்றினால் அடுத்த நிலையில் உள்ளது முதலிடத்தை எடுத்துக்கொள்கிறது. உள்ளே கடிகாரம் இருந்தாலும், அதன்படி நடக்கும் வேளையை முடிவு செய்வதில் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

விலங்கு நேரத்தை உள்ளிருந்து பெறுகிறதா, சூழலிலிருந்து பெறுகிறதா, தன் இனத்தாரிடமிருந்து பெறுகிறதா? முதல் இரண்டு விடைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மூன்றாவது விடையின் முக்கியமான சான்றுகளுள் ஒன்று மதுரைக்கு அருகே ஒரு குகையில் கிடைத்தது. அதற்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

புளிய இலையும் இருட்டறையும்

அலெக்சாந்தரின் கடற்படையில் பணிபுரிந்த ஆந்த்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்துவைத்தார். அது புளியமரம் என்று பிற்கால அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் புளிய இலை உறங்குவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெயில் இல்லாததால் மூடுகிறது என்பதே நெடுங்காலம் போதுமான விளக்கமாக இருந்தது.

1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மெராங், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்று இருட்டில் வைக்கப்பட்டும் வேளை தவறாமல் இலை விரித்து மூடுவதைக் கவனித்தார். அப்போதும் ஐயம் தீரவில்லை. வெப்பமோ காந்தமோ இருட்டறைக்குள்ளும் செடிக்குப் பொழுதை உணர்த்தியிருக்கலாம் அல்லவா? 1832இல் தெ காந்தோல் இதில் ஒரு நுட்பமான தடயத்தைக் கண்டார். மாறாத ஒளியில் வைத்த செடியின் சுழற்சி 22 முதல் 23 மணி நேரத்தில் முடிந்தது. வெளியிலிருந்து ஏதோ இயக்குவதானால் அது பூமியின் சுழற்சியோடு ஒத்து 24 மணியாக இருக்க வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு மணி முந்திக்கொண்டே போகும் சுழற்சி அந்தச் செடிக்கே சொந்தமானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்கடிகாரக் கட்சியின் அடிப்படை வாதம் இன்றுவரை இதுதான்.

விலங்குகளில் இதே வாதத்தை வலுவாக எழுப்பியவை தேனீக்கள். 1929இல் இங்கபோர்க் பேலிங், குறித்த வேளையில் சர்க்கரைப்பாகுக்கு வரத் தேனீக்களைப் பழக்க முடியும் என்று காட்டினார். 24 மணிக்கு ஒருமுறை வரப் பழகிய தேனீக்களை 19 மணிக்கு ஒருமுறை வரப் பழக்க முடியவில்லை. 1955இல் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் மூடிய அறையில் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அவை பாரிஸ் நேரப்படியே உணவு தேடி வந்தன.

வெளியிலிருந்து வரும் சைகை

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்க்கட்சி சோர்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் பிரவுன், ஆய்வகச் சுவர்களால் தடுக்க முடியாத சைகைகள் உலகில் உண்டு என்று வாதிட்டார். காற்றழுத்தம், காந்தப்புலம், நிலவின் ஈர்ப்பு ஆகியவற்றை அவர் முன்வைத்தார். 1954இல் அட்லாண்டிக் கரையிலிருந்து சிப்பிகளைக் கடலே இல்லாத எவன்ஸ்டனுக்குக் கொண்டுவந்து இருட்டில் வைத்தார். இரண்டு வாரத்தில் அவை ஓடு திறக்கும் வேளை இடம் மாறியது. எவன்ஸ்டனில் கடல் இருந்திருந்தால் எப்போது ஓதம் உயர்ந்திருக்குமோ அந்த வேளைக்கு அது ஒத்துப்போனதாக அவர் அறிவித்தார்.

இந்த முடிவின் பலவீனம் புள்ளிவிவரத்தில் இருந்தது. 1957இல் லமான்ட் கோல், வெறும் எதேச்சை எண்களை எடுத்து அதே வகைக் கணக்கீடுகளைச் செய்து, இல்லாத விலங்கான ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் ஒரு நாள்சுழற்சியை வரவழைத்துக் காட்டினார். சலித்துச் சலித்துப் பார்த்தால் எந்தத் தரவிலும் ஓர் ஒழுங்கு தென்பட்டுவிடும் என்ற அவரது எச்சரிக்கை இன்றைய ஆய்வாளருக்கும் பொருந்தும்.

பிறகு நேரடிச் சோதனைகள் வந்தன. தென்துருவத்தில், பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நாளுக்கு ஒருமுறை சுற்றும் மேடையில் உயிரினங்களை வைத்துப் பார்த்தார் ஹாம்னர். 1962இல் அவர் வெளியிட்ட முடிவின்படி அவற்றின் நாள்சுழற்சி குலையவில்லை. 1983இல் விண்வெளி ஓடத்தில் ஏறிய ஒரு பூஞ்சை, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிய கலத்திலும் தன் சுழற்சியைத் தொடர்ந்தது. ஆனால் சில மாதிரிகளில் அந்தச் சுழற்சி மங்கியிருந்தது.

பிரவுனின் பொதுக்கொள்கை நிற்கவில்லை. எனினும் அவரை முழுக்கத் தள்ளிவிடுவது நியாயமாகாது. பறவைகளும் கடலாமைகளும் காந்தப்புலத்தை உணர்கின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. ஆய்வகம் என்பது உலகத்திலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்ட பெட்டி ஆகாது என்ற அவரது வற்புறுத்தல், சோதனை வடிவமைக்கும் எவருக்கும் பயன்படும்.

சென்னைக் கடற்கரையில் ஒரு நண்டு

இந்தச் சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் மா. கி. சந்திரசேகரன் (1937–2009) சென்னையில் தம் ஆய்வைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட உயிர், அலை வந்து திரும்பும் ஈரமணலில் பின்புறமாகப் புதைந்து வாழும் எமரிடா ஆசியாட்டிகா என்ற சிறு நண்டினம். கரையோரம் கால் நனைத்தவர்கள் பாதத்தடியில் அது நெளிவதை உணர்ந்திருப்பார்கள். கடலிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வைத்த பிறகும் அதன் நடமாட்டத்திலும் உயிர்வளி உட்கொள்ளும் அளவிலும் ஓதத்தின் சுழற்சியும் நாளின் சுழற்சியும் தொடர்ந்தன என்று 1965இல் அவர் எழுதினார். சென்னையில் ஓத ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்தச் சிறு வேறுபாட்டையும் நண்டின் உடல் கணக்கில் வைத்திருந்தது.

பிறகு அவர் ஜெர்மனியின் டூபிங்கனுக்குச் சென்றார். உள்கடிகாரக் கருத்தை அவரைச் செடிகளில் நிலைநாட்டிய எர்வின் புன்னிங் பணியாற்றிய இடம் அது. அங்கே பழ ஈக்கள் கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவரும் வேளையை ஆராய்ந்தார் சந்திரசேகரன். இரவின் முற்பகுதியில் ஒளி பட்டால் கடிகாரம் பின்தங்குகிறது, பிற்பகுதியில் பட்டால் முந்துகிறது. நீல ஒளி எவ்வளவு பட்டால் கடிகாரம் நகரும் என்பது இந்த இரு பகுதிகளுக்கும் வேறுபடுவதை எங்கல்மனும் அவரும் 1973இல் காட்டினார்கள்.

உள்ளே, வெளியே என்ற பழைய இருமை பயனற்றுப் போவது இங்கேதான். கடிகாரம் உள்ளே இருக்கிறது, ஆனால் அது தானாகச் சரியாக ஓடுவதில்லை. நாள்தோறும் வெளியுலகம் அதைத் திருத்துகிறது. திருத்தும் சைகைக்கு ஜெர்மானிய ஆய்வாளர் ஆஷோஃப் ‘நேரம் தருவது’ என்ற பொருள்படும் பெயரை வைத்தார். அவற்றில் தலையாயது ஒளி என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஒளியே எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது அடுத்த கேள்வி.

மூளையில் ஓர் இடம்

அதற்குமுன், உள்ளே என்றால் உடலில் எங்கே? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் ரிக்டர் எலி மூளையின் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சிதைத்துப் பார்த்து, 1960களில் ஹைப்போதலாமஸின் முன்பகுதிக்கு வந்துசேர்ந்தார். 1972இல் மூர், ஐக்லர் இருவரும், தனியாக ஸ்டீஃபன், சக்கர் இருவரும் அந்த இடத்தை மேலும் நெருங்கினார்கள். பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, பக்கத்துக்குச் சுமார் 10,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு அது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு எஸ்.சி.என். என்பார்கள். அதை அழித்தால் எலி எந்த நேரத்திலும் ஓடுகிறது, எந்த நேரத்திலும் உறங்குகிறது.

அழித்துப் பார்க்கும் முறைக்கு ஒரு தர்க்கக் குறை உண்டு. சுவர்க்கடிகாரத்தின் முள்ளை ஒடித்தாலும் நேரம் தெரியாமல் போகும். அதனால் முள்தான் கடிகாரம் என்று ஆகிவிடாது. இந்தக் குறையைப் போக்கியது 1990இல் ரால்ஃப், மெனாக்கர் குழுவினர் செய்த மாற்று அறுவை. மரபுப் பிறழ்வால் 20 மணி நேரச் சுழற்சி கொண்டிருந்த வெள்ளெலி வகை ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் எஸ்.சி.என். திசுவை, முடிச்சு அழிக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்குள் வைத்தபோது, இழந்த சுழற்சி திரும்பியது. அதுவும் பெற்றுக்கொண்ட விலங்கின் 24 மணிச் சுழற்சியாக இல்லாமல், கொடுத்த விலங்கின் 20 மணிச் சுழற்சியாகவே திரும்பியது. நடத்தையின் ஒரு பண்பு திசுவோடு சேர்ந்து இன்னோர் உடலுக்குக் குடிபெயர்ந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் மூளையியலில் மிகச் சில.

மரபணு வழியும் இதோடு சேர்ந்துகொண்டது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில் 19 மணி, 28 மணி, சுழற்சியே இல்லாதது என மூன்று பிறழ்வுகளைக் கண்டார்கள். மூன்றும் ஒரே மரபணுவில் இருந்தன. அந்த மரபணு இயங்கும் விதத்தைத் துலக்கியவர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை வெற்றிகளால் எஸ்.சி.என்.னை ‘தலைமைக் கடிகாரம்’ என்று அழைப்பது வழக்கமாயிற்று. அந்தச் சொல்லை இன்று சற்று அடக்கியே பயன்படுத்த வேண்டும். 1997இல் பழ ஈயின் உடல் துண்டுகளும், 1998இல் வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த எலியின் இணைப்புத்திசு அணுக்களும் மூளையின் உதவியின்றித் தம் சுழற்சியைக் காட்டின. எஸ்.சி.என். அழிக்கப்பட்ட எலிகூட, நாள்தோறும் குறித்த வேளையில் தீனி வைத்தால் அதற்குச் சற்றுமுன் விழித்துப் பரபரக்கிறது. பகலில் இயங்கும் விலங்கானாலும் இரவில் இயங்குவதானாலும் எஸ்.சி.என். நரம்பணுக்கள் பகலில்தான் அதிகம் துடிக்கின்றன. அப்படியானால் பகல் விலங்கு எது, இரவு விலங்கு எது என்பதை முடிவு செய்யும் இடம் கடிகாரத்துக்கு அப்பால் மூளையில் வேறெங்கோ இருக்க வேண்டும். அந்த இடம் இன்னும் திருப்தியாகத் துலங்கவில்லை.

மதுரைக் குகை

ஒளி எட்டாத இடத்துக்கு இப்போது வருவோம். சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அவரும் க. மாரிமுத்துவும் மாணவர்களும் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த ஒரு குகையை ஆய்வுக்களமாக்கிக்கொண்டார்கள். ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாகத் தங்கும் குகை அது. உட்பகுதியில் முழு இருட்டு. ஆயினும் அந்தி மயங்கும் வேளைக்குத் தப்பாமல் அவை வெளியே பறந்துவிடுகின்றன.

1981இல் வெளியான அவர்களது சோதனை எளிமையானது. குகையின் இருண்ட உட்பகுதியில் கூண்டுக்குள் ஒரு வௌவாலை வைத்து அதன் சிறகசைவைப் பதிவு செய்தார்கள். சுற்றிலும் கட்டற்ற கூட்டம் அந்தியில் போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, வெளிச்சத்தையே காணாத அந்தக் கைதியின் நாளும் கூட்டத்தின் நாளோடு இசைந்திருந்தது. வௌவால்களே இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நாள் 24 மணியிலிருந்து விலகித் தன்போக்கில் நகர்ந்தது. அதற்கு நேரம் தந்தது கூட்டம். 1983இல் மாரிமுத்துவும் சந்திரசேகரனும் இன்னும் ஒரு படி போனார்கள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அதே கூட்டத்தின் நடுவே வைத்தபோது அந்த இசைவு ஏற்படவில்லை. ஆக, வெறும் சந்தடி போதவில்லை. சைகை தன் இனத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

1985இல் விஸ்வநாதனும் சந்திரசேகரனும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு வயல் எலியைப் பற்றியது. இருட்டில் வளரும் குட்டிகளிடம் தாயை 12 மணி நேரம் விடுவதும் 12 மணி நேரம் அகற்றுவதுமாக இருந்தபோது, குட்டிகளின் கடிகாரம் தாயின் வரவுபோக்கோடு இசைந்தது. வளைக்குள் கிடக்கும் குட்டிக்குத் தாயே சூரியன் என்று சொல்வது இங்கே உவமையாக மட்டும் நிற்கவில்லை.

இவற்றின்மீது எழக்கூடிய ஆட்சேபங்களையும் சொல்லவேண்டும். குகை ஆய்வகம் ஆகாது. கூட்டம் வெளியேறும்போது காற்றும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே மாறியிருக்கலாம். பக்கத்தில் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வது வேறு, கடிகாரமே திருத்தப்படுவது வேறு. முதலாவது, சைகை நின்றதும் மறைந்துவிடும். இரண்டாவது, நின்ற பிறகும் எஞ்சும். எஞ்சுகிறதா என்பதைப் பல விலங்குகளில் மீண்டும் மீண்டும் பார்த்தால்தான் பொதுவிதி என்று பேச முடியும். பாலூட்டிகள் பலவற்றில் கூட்டத்தின் சைகை ஒளியைவிட மிகப் பலவீனமானது என்ற கருத்தும் துறையில் உண்டு.

பின்னால் வந்த ஆய்வுகள் மதுரையின் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன. பழ ஈக்கள் மணத்தின் வழியாக ஒன்றன் கடிகாரத்தை ஒன்று திருத்துவதை 2002இல் லெவைனும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். 2016இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை பிளாக் குழு இன்னும் வலுவான முடிவைத் தந்தது. கூட்டுக்குள் வாழும் இளந்தேனீக்களில் கூட்டத்தின் சைகை, ஒளியின் சைகையையே மீறக்கூடும் என்றது அது. கூட்டமாக வாழும் உயிரைத் தனிக்கூண்டில் வைத்து நாம் பெற்ற அறிவு எவ்வளவு முழுமையானது என்ற கேள்வியை மதுரை அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிவிட்டது.

கடிகாரம் எதற்கு?

கடிகாரம் வேண்டாத இடத்திலும் அது ஏன் நீடிக்கிறது? மதுரைக்குப் பிறகு சந்திரசேகரன் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்துக்குச் சென்றார். 600 தலைமுறைக்கு மேல் மாறாத ஒளியிலேயே வளர்ந்த பழ ஈக்கள், உறையிலிருந்து வெளிவருவதில் இன்னும் நாள்சுழற்சியைக் காட்டுகின்றன என்று ஷீபா, சர்மா, ஜோஷி ஆகியோருடன் 1999இல் அவர் எழுதினார். பயனில்லாதது காலப்போக்கில் தேய்ந்துபோகும் என்றால் இது தேய்ந்திருக்க வேண்டும். உடலுக்குள் நடக்கும் வேலைகளை ஒன்றுக்கொன்று இடிக்காமல் வரிசைப்படுத்தவே கடிகாரம் முதலில் தோன்றியிருக்கலாம், வெளியுலகின் பகலிரவோடு பொருந்துவது பிறகு கிடைத்த நன்மை என்பது இதிலிருந்து எழும் ஒரு விளக்கம்.

இதற்கு மாறான சான்றுகளும் இருக்கின்றன. சோமாலியாவின் நிலத்தடி நீரில் வாழும் குருட்டு மீன் ஒன்றின் கடிகாரம் ஒளிக்கு அசைவதே இல்லை, உணவு வேளைக்கு மட்டும் அசைகிறது. அதன் சுழற்சியும் ஏறத்தாழ 47 மணி என்று 2011இல் கண்டார்கள். ஆர்க்டிக்கின் கலைமான்கள் இரவற்ற கோடையில் நாள்சுழற்சியைக் கைவிட்டுவிடுகின்றன. 600 தலைமுறை என்பது ஈக்கு நீண்ட காலம்தான், பரிணாமத்துக்கு அது குறுகியது. இந்த விவாதத்தில் இப்போதைக்கு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

இன்னும் முடியாதவை

கடிகாரம் உள்ளே இருக்கிறது என்பது முடிந்த விவாதம். ஒளி அதைத் திருத்துகிறது என்பதும், பாலூட்டிகளில் எஸ்.சி.என். அதன் முதன்மை மையம் என்பதும் அப்படியே. மற்றவை அப்படி இல்லை. கூட்டத்தின் சைகை எந்தப் புலன் வழியாக மூளைக்குள் நுழைகிறது, அங்கே எந்தப் பாதையில் கடிகாரத்தை அடைகிறது என்பது பாலூட்டிகளில் இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. குகை வௌவாலுக்கு அது ஓசையா, மணமா, சிறகடிப்பின் காற்றா? இன்றைய நுண்கருவிகளோடு மீண்டும் குகைக்குள் போக வேண்டிய வேலை அது.

அதைவிட உடனடியான வேலை ஒன்று இங்கேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் இரவு வெளிச்சமாகிவிட்டது. அதே நிலப்பரப்பில் வண்டலூர்க் காப்புக்காடும், கொம்பன் ஆந்தைகள் வாழும் நன்மங்கலம் காடும், ஏரிகளும் இருக்கின்றன. தெற்கே போனால் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல். நேரம் அறிய ஒளியையே முதன்மையாக நம்பும் உயிர்களுக்கு நாம் ஒளியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். கூட்டத்தையும் நம்பும் உயிர்கள் இந்த மாற்றத்தை வேறுவிதமாகத் தாங்குமா என்பது, மதுரைச் சோதனைகள் நேராக இட்டுச்செல்லும் கேள்வி.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தங்கலிடத்திலிருந்து முதல் வௌவால் வெளியேறும் நிமிடத்தையும், அன்றைய சூரியன் மறையும் நேரத்தையும், அங்குள்ள வெளிச்ச அளவையும் ஓராண்டு விடாமல் குறித்துவைத்தாலே ஒப்பிடத்தக்க தரவு கிடைத்துவிடும். இந்தத் தடத்தில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் குறைவில்லை. அவற்றின் விலங்கியல், உயிரித்தொழில்நுட்ப மாணவர்கள் யாரேனும் இந்தப் பணியைத் தொடங்க வேண்டும். சாலையோரத் தங்கலிடம் ஒன்று, விளக்கில்லாத காட்டோரத் தங்கலிடம் ஒன்று என இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கத் தொடங்கினால் போதும்.